ஆர்ட்டீமியா பொரிப்பில் உப்பின் அளவு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மீன் குஞ்சுகளுக்கு உணவாகும் சிறிய உப்புநீர் உயிரினமான ஆர்ட்டீமியாவின் முட்டை பொரிக்க ஒரு லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு உப்பு போட வேண்டும்? ஆளுக்கோர் அளவு சொல்கிறார்களே?

பதில்: லிட்டருக்கு 20 முதல் 30 கிராமுக்குள் எந்த அளவில் வைத்தாலும் தரமான முட்டை பொரிந்துவிடும், நான் 25 கிராமைப் பரிந்துரைப்பேன். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு கொண்ட கடல்நீரிலும் அது பொரிக்கும். இவ்வளவு அகன்ற எல்லையை இந்த உயிரினம் தாங்கிக்கொள்வதால்தான் ஆளுக்கோர் அளவு சொல்லப்படுகிறது. 22 கிராமா, 25 கிராமா என்று கவலைப்படுவதைவிட, ஒவ்வொரு முறையும் ஒரே அளவு இடப்படுகிறதா என்று பார்ப்பது முக்கியம். கரண்டிக் கணக்கு ஏமாற்றிவிடுவது இந்த இடத்தில்தான். கல்லுப்பின் பரல்களுக்கிடையே இடைவெளி மிகுதி என்பதால், தலைதட்டி அளந்தாலும் தூளுப்பைவிட அதன் எடை குறைவாகவே நிற்கும். சிறிய தராசில் நிறுத்துப் போடுங்கள். நீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வைத்திருப்பவர்கள் 25 டிகிரி செல்சியஸ் நீரில் ஏறத்தாழ 1.018 என்ற ஒப்படர்த்தியைக் குறியாகக் கொள்ளலாம்.

கேள்வி: கடலைவிடப் பலமடங்கு உப்பான ஏரிகளில் வாழும் உயிரினத்துக்கு உப்பைக் கூட்டினால் பொரிப்பும் கூடத்தானே வேண்டும்?

பதில்: மிகப் பலருக்கு இருக்கும் எண்ணம் இது, இதனாலேயே நல்ல முட்டைகள் வீணாகின்றன. வளர்ந்த ஆர்ட்டீமியா அடர்ந்த உவர்நீரில் வாழும் என்பது உண்மை. ஆனால் வாழ்வதற்குத் தாங்கும் உப்பு வேறு, பொரிப்பதற்குத் தாங்கும் உப்பு வேறு.

உலர்ந்த முட்டையை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தால், காற்றிறங்கிய பந்தைப் போல ஒரு பக்கம் குழிந்திருப்பதைக் காணலாம். தண்ணீரில் இட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது நீரை உறிஞ்சி உருண்டையாகிறது. அதன்பின் உள்ளிருக்கும் கரு, தான் சேமித்து வைத்திருக்கும் டிரெஹலோஸ் என்னும் சர்க்கரையின் ஒரு பகுதியைக் கிளிசராலாக மாற்றத் தொடங்குகிறது. கிளிசரால் நீரை ஈர்க்கும் தன்மையுடையது. அது சேரச்சேர உள்ளே மேலும் நீர் புகுந்து, அழுத்தம் ஏறி, ஒரு கட்டத்தில் ஓடு வெடிக்கிறது. வெளியிலுள்ள உப்புநீரோ நீரைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே உப்பு கூடக்கூட, அந்த இழுப்பை வெல்லக் கரு கூடுதல் கிளிசராலை உண்டாக்க வேண்டியிருக்கிறது. கையிருப்புச் சர்க்கரை அதிகம் செலவாகிறது, பொரிப்பு தாமதமாகிறது, வெளிவரும் நாப்ளி என்னும் இளங்குஞ்சும் சத்துக் குறைந்தே வருகிறது. மீன் குஞ்சுக்குக் கிடைக்கும் உணவின் தரம் அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது. லிட்டருக்கு 70 கிராமைத் தாண்டும்போது பெரும்பாலான வகைகளில் பொரிப்பு வெகுவாகக் குறைந்து, பின் நின்றே போகிறது.

இயற்கையிலும் இதுதான் ஒழுங்கு. ஏரி வற்றி உப்பு ஏறும்போது தாய், குஞ்சுகளை உயிருடன் ஈனுவதை விட்டு, ஓடு மூடிய முட்டைகளை இடுகிறது. மழையோ பனி உருகிய நீரோ வந்து உப்பைத் தணித்த பிறகே அவை பொரிக்கின்றன. இனப்பெருக்கத்துக்குத் தகுந்த காலம் வந்துவிட்டது என்பதற்குக் குறைந்த உப்பே கருவுக்கு அடையாளம்.

கேள்வி: அப்படியானால் லிட்டருக்கு 5 கிராம் உப்பே போதாதா?

பதில்: சில வகை முட்டைகளுக்கு அது போதும் என்பது மட்டுமல்ல, அவை விரைவாகப் பொரித்துச் சத்து மிகுந்த நாப்ளிகளையும் தருகின்றன. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பொரிப்பு முடியும்வரை நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 8-க்குக் கீழே இறங்கக் கூடாது; முட்டைகளின் சுவாசமோ அதை இறக்கிக்கொண்டே இருக்கும். கடல்நீரில் இதைத் தாங்கும் கார்பனேட் இயல்பாகவே இருக்கிறது. வெறும் உப்பைக் கரைத்த நீரில், அதிலும் மென்னீரில், அது இருப்பதில்லை. எனவே உப்பைக் குறைப்பவர்கள் லிட்டருக்கு 2 கிராம் வரை சமையல் சோடா சேர்த்து, பி.எச். அளந்து பார்க்க வேண்டும். முதன்முறையாகப் பொரிப்பவர்கள் 25 கிராமில் தொடங்கி, கை பழகிய பின் அளவைக் குறைத்துப் பார்ப்பதே நல்லது.

கேள்வி: அயோடின் சேர்த்த உப்பைப் பயன்படுத்தலாமா?

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம். அதிலுள்ள அயோடின் மிகச் சொற்பம். குழாய்நீரிலுள்ள குளோரினே அதைவிடக் கவனிக்க வேண்டியது; அதை நீக்கிய பின் முட்டையை இடுங்கள்.

கேள்வி: முட்டை வெடித்துவிடுகிறது, ஆனால் நாப்ளி ஓட்டிலேயே தொங்கிக்கொண்டு இறந்துவிடுகிறது. உப்பு கூடிவிட்டதா?

பதில்: உப்பு மிகையானால் ஓடு வெடிப்பதே தடைப்படும் அல்லது தாமதமாகும். உங்கள் முட்டைகள் வெடிப்பதால் அந்தத் தடையைக் கடந்துவிட்டன என்று கொள்ளலாம். வெடித்த ஓட்டின் கீழே, மெல்லிய சவ்வுக்குள் கரு தொங்கும் இந்த நிலையைக் குடைநிலை என்பார்கள். அச்சவ்வைக் கரைக்கும் நொதி காரத்தன்மையுள்ள நீரில்தான் நன்றாக வேலை செய்யும். ஆகவே முதலில் பி.எச். பாருங்கள், அடுத்து, நீரின் அடியிலிருந்து காற்றுக்குமிழிகள் கிளம்பி முட்டைகளைச் சுழற்றுகின்றனவா என்று பாருங்கள். லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் முட்டை இட்டிருந்தால் அதைக் குறையுங்கள். ஒரு கிராமிலேயே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகள் இருக்கின்றன. அத்தனையும் ஒரே நேரத்தில் சுவாசிக்கின்றன.

கேள்வி: உப்பு சரி, சோடாவும் சரி, ஆனாலும் 36 மணி நேரமாகிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் குளிர்ச்சியே காரணம். நீர் 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டும். அப்படியிருந்தால் 24 மணி நேரத்தில் பெரும்பகுதி பொரித்துவிடும். முட்டை நீரை உறிஞ்சிய தொடக்க மணி நேரங்களில் நல்ல வெளிச்சமும் தேவை.

கேள்வி: உப்புநீரில் பொரித்த நாப்ளியை நன்னீர் மீன் குஞ்சுகளுக்குக் கொடுத்தால் உடனே இறந்துவிடாதா?

பதில்: உடனே இறக்காது, சில மணி நேரம் நீந்திக்கொண்டிருக்கும். அதன் கழுத்துப் புறத்திலுள்ள உப்புச் சுரப்பி, உப்பை வெளியேற்றுவதற்கென அமைந்தது; ஆதலால் உப்பே இல்லாத நீரில் நெடுநேரம் தாக்குப்பிடிக்க அதனால் இயலாது. மெல்லிய வலையில் வடித்து, நன்னீரில் ஒருமுறை அலசி, குஞ்சுகள் சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவுக்கு மட்டும் இடுங்கள். மீதியை உப்புநீரிலேயே விட்டுவையுங்கள். ஆனால் அதிலும் அதிகம் தாமதிக்காதீர்கள். பொரித்த 8 மணி நேரமளவில் நாப்ளி முதல் தோலை உரிக்கிறது. அதுவரை வாய் திறவாத அது தன் கருச்சத்தையே எரித்துக்கொண்டிருப்பதால், பொரித்ததும் கொடுப்பதே குஞ்சுகளுக்கு நிறைவான உணவு.