நம்ம ஊர் ஈரத்தில் ஒரு .22 பிஸ்டல்: கேள்வி பதில்

முப்பத்தொரு வருஷமாக ஒரே பிஸ்டலை வைத்திருக்கிறேன். .22 ரிம்ஃபயர் (தோட்டாவின் அடி விளிம்பில் அடித்து வெடிக்க வைக்கும் வகை), பத்து ரவுண்டு மேகசின், அலுமினியக் கலவை பாடி. செய்த நாட்டில் இது பையன்கள் டப்பாவைச் சுட்டுப் பழக வாங்கிய மலிவுச் சரக்கு. 1980-களின் நடுவில் சாதாரண ஆட்களுக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி நின்றுபோனதால் இங்கே அதற்குத் தங்க விலை சொல்கிறார்கள். எனக்குப் பெரியப்பா வழியாக வந்தது. போலீஸ் ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பராமரிப்பவனாக, இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது திருவையாறு பக்கம் இருக்கிறேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கும்பகோணம்: ஐயா, இந்த மாதிரி மலிவு பிஸ்டல் எத்தனை ரவுண்டு தாங்கும்?

நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன். என்னுடையது இதுவரை 6,400 சொச்சம் சுட்டிருக்கிறது. ரீகாயில் ஸ்ப்ரிங் இரண்டு தடவை மாற்றினேன், சுட்ட உறையை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் ஒரு தடவை. குழலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகாது. .22 லாங் ரைஃபிள் தோட்டாவின் குண்டு வழக்கமாக 40 கிரெயின், அதாவது இரண்டரை கிராமுக்குக் கொஞ்சம் மேல். வெறும் ஈயம், மேலே மெழுகுப் பூச்சு. அது எஃகைத் தேய்க்க ரொம்ப நாள் பிடிக்கும்.

ஆர்மரராக இருந்த காலத்தில் சுட்டுச் சுட்டே தேய்ந்த துப்பாக்கி என்று நான் பார்த்தது விரல்விட்டு எண்ணக்கூடியது. பெட்டியில் வைத்தே கெட்டதுதான் மூட்டை மூட்டையாக வரும். எனவே ரவுண்டுக் கணக்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். மழைக்காலம் எத்தனை கடந்தது என்று கணக்கு வையுங்கள்.

ஒன்றை மட்டும் பாருங்கள். ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பகுதி) பின்னால் வந்து மோதும் இடத்தில் பாடியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வருஷம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். துத்தநாக வார்ப்பில் செய்த ரொம்ப மட்டமான மாடல்கள் உண்டு. அதில் கொப்புளம் மாதிரி எழும்பியிருந்தால் மேற்கொண்டு சுடவே வேண்டாம்.

திருவாரூர்: அண்ணே, தாத்தா காலத்திலிருந்து தேங்காய் எண்ணெய்தான் போடுகிறோம். தப்பா?

தப்புதான் தம்பி. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையும். மார்கழி விடியற்காலையில் உங்கள் வீட்டு பாட்டிலைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான் தோட்டாவை அடிக்கும் ஃபயரிங் பின் ஓடும் துளைக்குள்ளும் நடக்கும். நல்லெண்ணெய் இன்னும் மோசம், நாள்பட்டால் பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெய் போதும். அதுவும் நாலு சொட்டு. மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்கும், காப்பாற்றாது. அதில் கழுவினால் துடைத்துவிட்டு எண்ணெய் போட்டே ஆகவேண்டும்.

எண்ணெய்க் கையோடு தோட்டாவைத் தொடாதீர்கள். அடியின் நடுவில் அடித்து வெடிக்கும் சென்டர்ஃபயர் தோட்டாவைப் போல ரிம்ஃபயருக்குக் கெட்டியான அடைப்புக் கிடையாது. எண்ணெய் உள்ளே கசிந்தால் மருந்து செத்துவிடும். சுத்தம் செய்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஈயக் கை. வெற்றிலை போடும் பழக்கம் இருந்தால் கழுவாத கையால் மடித்து வாயில் வைக்காதீர்கள். நான் பல வருஷம் அந்தத் தப்பைச் செய்தவன்.

நாகப்பட்டினம்: தோல் உறையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன், அப்படியும் துரு.

உறைதான் துருவுக்குக் காரணம். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிட்ட தோலில் உப்பும் அமிலமும் மிச்சம் இருக்கும். கூடவே உங்கள் ஊர் கடல் காற்று. உறையை ஆணியில் மாட்டுங்கள், பிஸ்டலை வெளியே எடுத்து வையுங்கள். எண்ணெய்த் துணியால் துடைத்து, மெழுகுத்தாளில் சுற்றி, ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்து, டப்பாவைப் பூட்டுள்ள இரும்புப் பெட்டிக்குள் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பத்து நாளுக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பதாக ஒருத்தர் சொன்னார். தவிடு புகுந்து மேகசின் அடைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

துரு எப்படி ஆரம்பிக்கும் என்று ஒருமுறை கண்ணால் பார்த்தேன். சித்திரை வெயிலில் வியர்த்த கையோடு ஸ்லைடைப் பிடித்துவிட்டு, துடைக்காமல் வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் எடுத்தால் என் பெருவிரல் ரேகை அப்படியே, கோடு கோடாக, செம்மண் நிறத்தில். பத்திர ஆபீஸில் வைத்ததுபோல அவ்வளவு சுத்தமாக விழுந்திருந்தது. நுண்ணிய எஃகுப் பஞ்சும் எண்ணெயும் வைத்து மெல்லத் தேய்த்தால் போகும். உப்புத்தாளைக் கொண்டு தேய்த்தால் நீலப் பூச்சும் சேர்ந்து போகும்.

மன்னார்குடி: தோட்டா இல்லாமல் ட்ரிகரை இழுத்துப் பழகலாமா?

ரிம்ஃபயரில் வேண்டாம். இந்தத் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிப்பகுதியின் விளிம்புக்குள் இருக்கிறது. ஃபயரிங் பின் அந்த விளிம்பைச் சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) ஓரத்தோடு வைத்து நசுக்கும். தோட்டா இல்லையென்றால் பின் நேராக எஃகு ஓரத்தில் போய் அடிக்கும். சில மாடல்களில் அதைத் தடுக்கச் சின்ன முள் ஒன்று இருக்கும், மலிவானவற்றில் அதை நம்ப முடியாது.

குழலைக் கழற்றி, சேம்பர் வாயில் பின் அடிக்கும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் பள்ளம் விழுந்துவிட்டது. உள்பக்கம் பிதுங்கிய உலோகம் வெத்துக் கேஸை, அதாவது சுட்ட தோட்டாவின் உறையை, பிடித்துக்கொள்ளும், கேஸ் வெளியே வராது. லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக் அதைத் திரும்ப அழுத்திச் சரிசெய்வார். நீங்களே அரம் எடுக்காதீர்கள். பழக வேண்டுமென்றால் சுட்ட கேஸைப் போட்டு, ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் அறையில் நல்ல தோட்டா ஒன்றுகூட இல்லை என்று இரண்டு தடவை பாருங்கள்.

பட்டுக்கோட்டை: பத்துக்கு இரண்டு வெடிக்க மாட்டேன் என்கிறது. தோட்டா மட்டமா, பிஸ்டல் மட்டமா?

இந்தக் கேள்விதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது. வெடிக்காவிட்டால் குழலை இலக்குத் திட்டிலிருந்து அசைக்காமல் முப்பது எண்ணுங்கள், தாமதமாக வெடிக்கக்கூடும். பிறகு தோட்டாவை வெளியே எடுத்து விளிம்பில் விழுந்த தழும்பைப் பாருங்கள்.

தழும்பு ஆழமாக இருந்தால் பிஸ்டல் தன் வேலையைச் செய்துவிட்டது. அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டு ஒரு தடவை முயலுங்கள். வெடித்தால் தோட்டாதான் குற்றவாளி: தயாரிக்கும்போது மருந்து விளிம்பு முழுக்கப் பரவாமல் ஒரு பக்கம் காலியாக இருந்திருக்கிறது. தழும்பு லேசாக இருந்தால் பின் துளையில் பிசின், இல்லையென்றால் ஸ்ப்ரிங் தளர்ச்சி. திருவாரூர்த் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். மூன்றாவது ஒன்று உண்டு. திருப்பாமலே இரண்டாவது அடிக்கு வெடித்தால், சேம்பரில் கரி கட்டியிருக்கிறது என்று அர்த்தம். தோட்டா முழுசாக உட்காராமல் நின்றிருக்கும், முதல் அடி அதை உள்ளே தள்ளும், இரண்டாவது அடிதான் வெடிக்க வைக்கும். சேம்பர் பிரஷ் போட்டுத் தேயுங்கள்.

சத்தம் மட்டும் "புஸ்" என்று வந்து அட்டையில் ஓட்டை இல்லையென்றால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள் நின்றிருக்கலாம்.

மேகசினையும் சொல்லிவிடுகிறேன். தோட்டா சிக்குவதில் பாதி அதன் வாய் கோணியதால் வருவது. தரையில் விழுந்த மேகசினைத் தனியே குறி போட்டு வையுங்கள். என் இரண்டாவது மேகசின் சிமென்ட் தரையில் விழுந்து பதினைந்து வருஷம் ஆகிறது, இன்னும் ஏழாவது தோட்டாவில் மூக்கை மேலே தூக்கும்.

வேதாரண்யம்: கஜா புயலில் பெட்டியோடு நனைந்தது. காயவைத்து வைத்திருக்கிறோம்.

2018 நவம்பர் 16 விடிகாலை உங்கள் பக்கம் என்ன பாடுபட்டது என்று தெரியும், துப்பாக்கியை அன்று யார் நினைத்திருப்பார்கள். வெறுமனே காயவைத்தால் உப்பு உள்ளேயே தங்கும். இத்தனை வருஷத்துக்குப் பிறகு நீங்கள் பிரிக்க வேண்டாம், கிரிப் பலகைக்கு அடியில் ஸ்க்ரூ பிடித்திருக்கும். மெக்கானிக்கிடம் கொடுங்கள். இனி ஒருமுறை நனைந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசி, பிரித்து, துடைத்து, எண்ணெய் போட வேண்டும். நனைந்த தோட்டாவை வெயிலில் காயவைத்துச் சேமிக்காதீர்கள். டீலரிடம் ஒப்படைத்துக் கணக்கை முடியுங்கள்.

திருத்துறைப்பூண்டி: சம்பா வயலில் பன்றியும் மயிலும். .22 போதுமா?

போதுமா என்று கேட்கவே கூடாது, சுடவே கூடாது. மயில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பன்றிக்கும் வனத்துறையிடம்தான் போக வேண்டும், பிஸ்டலைத் தூக்கிக்கொண்டு வரப்பில் இறங்கினால் லைசென்ஸ் மட்டுமல்ல, நீங்களும் உள்ளே போவீர்கள்.

சட்டம் இருக்கட்டும், நம்ம பூமியைப் பாருங்கள். மலை கிடையாது, மேடு கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் சமதளம். .22 குண்டு தடையில்லாமல் போனால் ஒரு மைலுக்கு மேல் போகும். அதைவிட மோசம் தண்ணீர். நடவு முடிந்த வயலில் தாழ்வாகச் சுட்டால் ஈயக் குண்டு தண்ணீருக்குள் புதையாது, ஓட்டாஞ்சில்லு மாதிரி எகிறி அடுத்த தெருவுக்குப் போகும். களை எடுக்கும் பெண்கள் எந்த வரப்பில் குனிந்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?

மயிலாடுதுறை: என் வீட்டுக்காரர் போன மாதம் தவறிவிட்டார். அவருடைய பிஸ்டல் பீரோவில் இருக்கிறது. தொடவே பயமாக இருக்கிறது.

தொட வேண்டாம் அம்மா. பீரோவைப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தது, அவரோடு முடிந்தது. 1959 ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி தாமதம் செய்யாமல் பக்கத்து ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். முதலில் ஸ்டேஷனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லுங்கள், விவரம் தெரிந்த ஒருவர் வந்து தோட்டாவை இறக்கட்டும். ரசீதில் துப்பாக்கி எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளைகளில் யாராவது வேண்டுமென்றால் வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வைத்துக் கலெக்டர் ஆபீஸில் மனுப் போடலாம். வேண்டாமென்றால் டீலர் மூலம் விற்கலாம். எதற்கும் அவசரம் இல்லை, ஒப்படைப்பதைத் தவிர.

பாபநாசம்: தங்கச்சி கல்யாணத்தில் வானத்தைப் பார்த்து ஒரே ஒரு ரவுண்டு?

ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள்: இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நாதஸ்வரம் வையுங்கள் தம்பி.

தஞ்சாவூர்: தேர்தலுக்கு ஒப்படைத்துத் திரும்ப வாங்கினால் நிலைமை கேவலமாக இருக்கிறது.

எனக்கும் நடந்தது. ஒரு ஸ்டேஷனில் ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள், இரண்டு மாதம் கழித்துக் கிரிப்பைக் கழற்றினால் அடியில் வளையமாகத் துரு. போலீஸில் இருந்தவன் என்பதால் யாரும் எனக்காகத் தனியாகத் துடைத்து வைக்கவில்லை. இப்போதெல்லாம் கொடுப்பதற்கு முன் எண்ணெயை வழக்கத்தைவிடத் தாராளமாகப் பூசி, மெழுகுத்தாளில் சுற்றி, டப்பாவோடு கொடுக்கிறேன். நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறேன். சட்டம் அனுமதிக்கும் டீலரிடம் டெபாசிட் செய்தால் வாடகை கேட்பார், ஆனால் அவருக்குத் துரு என்றால் என்னவென்று தெரியும்.

ரினிவலும் இதோடு சேர்ந்த தலைவலிதான். 2019-க்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்கு. முன்பு மூன்று. ஐந்து வருஷம் என்றதும் எல்லோரும் மறந்துபோகிறார்கள். இரண்டு மாதம் முன்னதாகவே போய் நில்லுங்கள்.

சீர்காழி: தனி வீடு. தற்காப்புக்கு இதை நம்பலாமா?

பட்டுக்கோட்டைக்காரரின் பத்துக்கு இரண்டை மறுபடி படியுங்கள். கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போடுங்கள், நாய் வளருங்கள். கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். வீட்டில் யாருக்காவது மனசு சரியில்லை, கடன் தொல்லை, குடி என்று வந்தால் அன்றைக்கே பிஸ்டலை டீலரிடம் கொண்டுபோய் வையுங்கள். பூட்டை நம்பாதீர்கள். சாவி எங்கே இருக்கும் என்று வீட்டு ஆட்களுக்குத் தெரியும்.

ஒரத்தநாடு: பையனுக்குப் பதினேழு வயது, சுடுவதில் ஆசை. இந்த .22-ஐ அவன் பேருக்கு வாங்கலாமா?

லைசென்ஸுக்கு 21 வயது ஆக வேண்டும். அதுவரை 4.5 மில்லிமீட்டர் ஏர் பிஸ்டல் வாங்கிக் கொடுங்கள், குழல்முனையில் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்டதற்கு லைசென்ஸ் தேவையில்லை. பத்து மீட்டரில் கை நின்றால் கிளப்பில் சேர்த்து .22 பக்கம் போகட்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வாங்கிய 25 மீட்டர் ரேபிட் ஃபயர் இதே சின்னத் தோட்டாவில்தான் நடக்கிறது. பிஸ்டல் வேறு விலை, அவ்வளவுதான்.

திருவையாறு (நம்ம ஊர்க்காரர்தான்): உங்கள் பிஸ்டலை விற்பதாக இருந்தால் சொல்லுங்கள் ஐயா.

விற்கவில்லை. 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ்காரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கி 25 வருஷம் அவரிடம் இருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற மனுப் போடலாம். என் மகள் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வாங்கிவிட்டாள், மனு கலெக்டர் ஆபீஸில் இருக்கிறது. போன வாரம் நோட்டை அவளிடம் காட்டினேன். 6,400 ரவுண்டுக் கணக்கைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அப்பா, அந்தக் கோணல் மேகசினையும் சேர்த்துத்தான் என் தலையில் கட்டப் போறீங்களா?" என்றாள்.