பார்க்காத பேலுக்குக் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் 11 வருஷமாக இருக்கிறேன். கம்பெனி பங்குச் சந்தையில் பட்டியலானது. லாபத்தையும் சரக்கு இருப்பையும் கூட்டிக் காட்டி முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக எம்.டி.க்கும் நிதி அதிகாரிக்கும் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியிடமிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. எம்.டி. எங்களைக் கேன்டீனில் கூட்டி, "எல்லாம் ஆகாதவங்க கெளப்பி விட்டதுங்க" என்றார். யாரும் நம்பவில்லை. மார்ச் ஸ்டாக் ஸ்டேட்மென்டில் (சரக்கு இருப்புக் கணக்கில்) பஞ்சு 1,850 பேல், அதாவது பொதி, என்று இருக்கிறது. அப்போது குடோனில் நான் பார்த்தது 600 தேறாது. அந்த ஸ்டேட்மென்டில் பழைய தேதி போட்டு என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். என்னிடம் 2,000 பங்குகள் இருக்கின்றன. விற்றுவிட்டு வேலையையும் விட்டுவிடலாமா?

பதில்: எம்.டி.யை நம்புவதா வேண்டாமா என்பது இப்போதைக்கு ஒருபுறம் இருக்கட்டும். செபி நோட்டீஸ் தீர்ப்பு ஆகாது. விளக்கம் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. பாதகமாக உத்தரவு வந்தாலும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் உங்கள் கையெழுத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர் கையெழுத்துப் போட்ட பிறகே வருகிறார்கள். நீங்கள் முன்னாடியே கேட்டதில் எனக்குப் பெரிய நிம்மதி.

போடாதீர்கள். ஒரு பேல் 170 கிலோ. 1,250 பேல் குறைகிறது என்றால் இரண்டு லட்சம் கிலோவுக்கு மேல். எண்ணும்போது தவறிப்போகிற அளவா இது? நோட்டீஸ் வந்த பிறகு முன்தேதியிட்டுத் தயாராகும் காகிதம் விசாரணையில் காட்டத்தான் உதவும். காட்டும்போது அதில் இருக்கப்போவது உங்கள் பெயர். தெரிந்தே பொய்க் கணக்குக்குத் துணைபோனால் கம்பெனிகள் சட்டம் 2013-இன் 447-ஆம் பிரிவு உங்கள் மேலும் பாயும்: 6 மாதம் முதல் 10 ஆண்டு வரை சிறை, மோசடித் தொகைக்குக் குறையாத அபராதம்.

"மேலே இருக்கிறவங்க சொன்னாங்க, செஞ்சேன்" என்பது தப்பிக்க வழி ஆகாது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் தலைவரே கணக்கு பொய் என்று எழுதிக் கொடுத்தார். 2015 ஏப்ரலில் 10 பேருக்கு 7 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. அந்தப் பத்துப் பேரில் நிதிப் பிரிவு உதவி மேலாளர் ஒருவரும் இருந்தார். பிறகு தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீன் கிடைத்தது. ஆனாலும் வழக்கு, வக்கீல், வாய்தா என்று போன வருஷங்கள் போனதுதான்.

வாயால் மறுத்துவிட்டு வராதீர்கள். ஆபீஸ் மெயிலில் இரண்டே வரி அனுப்புங்கள்: "மார்ச் மாத இருப்பைச் சரிபார்த்தவன் நான் அல்ல. ஆகவே அந்த ஸ்டேட்மென்டில் இன்று கையெழுத்திட இயலாது." குற்றச்சாட்டு எதுவும் அதில் வேண்டாம். யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்று வீட்டு நோட்டில் அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். கம்பெனிக் கணக்கைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வருவது மட்டும் கூடாது. அதை வைத்தே உங்கள் மேல் தகவல் திருட்டு வழக்குப் போடுவார்கள்.

அடுத்து பங்கு. இதில்தான் நல்லவர்கள் பலர் சறுக்குகிறார்கள். குடோன் நிலவரம் வெளியே தெரியாது, உங்களுக்குத் தெரியும். அதை வைத்து நஷ்டத்தைத் தவிர்க்க விற்பதும் செபியின் 2015 விதிகளின்படி உள்தகவல் வணிகம்தான். அபராதம் குறைந்தது 10 லட்சம் ரூபாய். மனைவி பெயரில் இருந்தாலும் தொடாதீர்கள். ஒறம்பரை வீட்டு விசேஷத்தில் மச்சானிடம் "வித்துப்போடுங்க" என்று சொல்வதும் குற்றம். 2,000 பங்கின் விலை சரிவதைப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம்தான், எனக்குப் புரிகிறது. ஆனாலும் வைத்திருங்கள்.

சரி, தெரிந்ததை யாரிடம் சொல்வது? பட்டியலிட்ட கம்பெனியில் புகார் ஏற்பாடு இருந்தே ஆக வேண்டும் என்கிறது அதே கம்பெனிகள் சட்டத்தின் 177-ஆம் பிரிவு. உங்கள் புகார் நிதி அதிகாரியையே தொடுவதால், இயக்குநர் குழுவில் கணக்கைக் கவனிக்கும் தணிக்கைக் குழுவின் தலைவருக்கு நேராக எழுதுங்கள். கம்பெனி இணையதளத்தில் அந்தக் கொள்கையும் முகவரியும் இருக்கும். ஒரு நகலை வெளித் தணிக்கையாளருக்கும் அனுப்புங்கள். 1 கோடி ரூபாய்க்குக் குறையாத மோசடி என்று அவருக்குப் பட்டால் மத்திய அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை அவருக்கு உண்டு. அங்கும் அசைவில்லை என்றால் செபி. துப்புக் கொடுத்தால் 10 கோடி வரை வெகுமதி என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது உள்தகவல் வணிகத் துப்புக்கு மட்டும்தான். அதை எண்ணி இறங்க வேண்டாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். புகார் சொல்பவரைக் காக்க 2014-இல் வந்த சட்டம் அரசுத் துறை ஊழல் புகார்களுக்கானது, உங்களுக்கு உதவாது. புகார் சொன்னதற்காகப் பழிவாங்கக் கூடாது என்று 177-ஆம் பிரிவு சொன்னாலும் நடைமுறையில் இடமாற்றம், மெமோ எல்லாம் வரலாம். வேலையை விட்டே நீக்கினால், விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று இருந்தாலும் நீங்கள் செய்வது எழுத்து வேலையா, ஆள் மேற்பார்வையா என்றுதான் பார்ப்பார்கள். எழுத்து வேலை என்றால் தொழிலாளர் துறையில் தொழில் தகராறாக எழுப்ப வழி இருக்கிறது.

ராஜினாமாவை அவசரப்பட்டு எழுதாதீர்கள். மெயிலும் புகாரும் போகாமல் நீங்கள் வெளியேறினால், பிறகு குடோன் கணக்கின் பழி அங்கே இல்லாத ஆள் மேல் விழும். அதற்குள் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து மாதாமாதம் பணம் ஏறியிருக்கிறதா பாருங்கள். ஏறிய பணத்தைக் கம்பெனி கவிழ்ந்தாலும் யாரும் தொட முடியாது. சம்பளத்தில் பிடித்துக் கட்டாமல் விட்டிருந்தால் அது தனிக் குற்றம். அந்த மாதங்களைக் குறித்துக்கொண்டு நோட்டையும் கையோடு எடுத்து வாருங்கள், புகாரை உட்கார்ந்து எழுதுவோம்.