கோட்டையும் ஆறும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் பிரான்சில் ஷாத்தோ கையார் கோட்டையைப் பார்த்தேன். இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் அவ்வளவு யோசித்துக் கட்டிய கோட்டை, கழிவறைக் குழாய் வழியாக நாலு பேர் ஏறி வந்ததால் விழுந்தது என்றார் உடன் வந்த நண்பர். உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஏறி வந்தது உண்மை. எந்த வழியாக என்பதில்தான் சண்டை. அந்தக் காலத்திலேயே எழுதிய கியோம் லெ பிரெத்தோன் ஒரு சன்னலைச் சொல்கிறார். எதுவானாலும் அதனால் கிடைத்தது நடு முற்றம் மட்டும். கோட்டையின் கதி அதற்குப் பல மாதம் முன்பே ஆற்றில் முடிவாகிவிட்டது.

அப்போது அவர் கையில் இருந்த நார்மண்டியின் தலைநகர் ரூவானுக்குப் போகும் சேன் நதியை மறிக்கத்தான் ரிச்சர்ட் 1196இல் வேலையைத் தொடங்கினார். இரண்டே வருடத்தில் முடித்தார். மலைமேல் நீங்கள் பார்த்தது பாதிதான். கீழே மதில் சூழ்ந்த ஊர், நடுத்தீவில் ஓர் அரண், ஆற்றுக்குக் குறுக்கே மரக்கம்ப வேலி எல்லாம் சேர்ந்துதான் கோட்டை.

1203இல் கோட்டையை முற்றுகையிட்ட பிரான்ஸ் மன்னர் பிலிப்பின் ஆட்கள் நீந்திப்போய் அந்த வேலியை வெட்டினார்கள். அப்புறம் படகுகளால் பாலம். ரிச்சர்டுக்குப் பின் மன்னரான தம்பி ஜான் உதவிப்படை அனுப்பினார். தரைப்படை இரவோடு இரவாகத் தாக்கிவிட்டது, படகுகளோ எதிர்நீரோட்டத்தில் துடுப்புப் போட்டு வருவதற்குள் நேரம் தப்பிவிட்டது. இரண்டும் தனித்தனியாக அடிபட்டன. தீவும் ஊரும் போயின.

ஊர்ச்சனம் மலைமேல் ஓடியது. சாப்பாடு போதாதென்று காவல்தலைவர் ரோஜர் டி லேசி அவர்களை வெளியே அனுப்பினார். முதலில் போனவர்களை பிலிப்பின் படை விட்டது. கடைசியாக வந்த நூற்றுக்கணக்கானவர்களை விடவில்லை. திரும்பினால் கோட்டைக் கதவும் திறக்கவில்லை. பனிக்காலத்தில் இரண்டு படைகளுக்கும் நடுவே, அந்தச் சரிவில் கிடந்து பலர் செத்தார்கள். இந்தக் கோட்டையைப் பற்றிப் பேசும்போது முதலில் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைப்பவன் நான்.

உள்மதிலைக் கவனித்திருப்பீர்கள். அரைவட்டம் அரைவட்டமாகப் பிதுங்கி, பக்கத்தில் பக்கத்தில் பெரிய தூண்களை நிறுத்தியதுபோல. தட்டையான முகம் இல்லாததால் எறியும் கல் நேராக மோதாது, சறுக்கும். அருமையான யோசனை. ஆனால் அதன் வாசலுக்குப் போகும் பாலம் பாறையிலேயே செதுக்கியது. மரப்பாலம் என்றால் இழுத்துக்கொள்ளலாம். இதை என்ன செய்வது? அதன் அடியில் பதுங்கித்தான் பிலிப்பின் ஆட்கள் மதிலைக் குடைந்தார்கள். 1204 மார்ச் 6இல் கோட்டை விழுந்தது. ஜூனில் ரூவானும் பணிந்தது.

மறுபடி போனால் மேலேயே நின்றுவிடாமல் கரைக்கு இறங்குங்கள். அங்கிருந்து தீவையும் மலையையும் ஒரே பார்வையில் பார்க்கலாம்.