காட்டு விலங்கு ஒட்டுண்ணிகள்: மறுபடியும் பார்மலின்

முதுமலையில் 40 யானை லத்தி மாதிரிகள் எடுத்து 10% பார்மலினில் போட்டிருக்கிறேன். உருளைப்புழுக்களை மரபணு வழியாக இனம் பிரிக்கலாமா?

இந்த மாதத்தில் இதே கேள்வி மூன்றாவது முறை! பார்மலின் முட்டையின் வடிவத்தைக் காப்பாற்றும்; டிஎன்ஏவைச் சிதைத்து, மிச்சத்தைப் புரதத்தோடு முடிச்சுப் போட்டுவிடும். 40 டப்பாவும் இனி மைக்ராஸ்கோப்புக்குத்தான். அங்கேயும் ஸ்ட்ராங்கைல் (உருளைப்புழுக்களில் ஒரு பெரிய கூட்டம்) முட்டைகளெல்லாம் ஒரே அச்சு. இனம் தெரிய லார்வாவை வளர்க்க வேண்டும், இல்லையென்றால் டிஎன்ஏவில் இனத்துக்கு இனம் மாறும் ஐடிஎஸ்-2 என்ற பகுதியைப் படிக்க வேண்டும். பார்மலினில் செத்ததை எங்கே வளர்ப்பது? அடுத்த முறை லத்தியைக் காட்டிலேயே இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி பார்மலினில். மற்றதற்கு நாலைந்து பங்கு எத்தனால். லத்தியின் ஈரமே அதை நீர்த்துவிடும், கஞ்சத்தனம் வேண்டாம். லேபிளைப் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துபோய், எது எந்த யானை என்று தெரியாத இருபது டப்பாக்களோடு நானும் ஒரு காலத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

புலி எச்சத்தில் ஹீமான்கஸ் என்ற வயிற்றுப் புழுவின் டிஎன்ஏ கிடைத்தது. புலிக்கும் தொற்றுமா?

புலி தின்ற மானுடைய புழு அது. சரி, அந்த எச்சம் புலியுடையதுதான் என்று மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ வைத்து உறுதி செய்தீர்களா? சிறுத்தையாகவும் இருக்கலாம்.

பிசிஆரில் (டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) ஒட்டுண்ணி டிஎன்ஏவைக் காட்டும் பேண்ட் விழவில்லை. தொற்று இல்லை என்று எழுதலாமா?

கூடாது. சாணத்தில் உள்ள பித்த உப்பும் தாவரச் சர்க்கரைகளும் டிஎன்ஏவைப் பெருக்கும் நொதியைக் கட்டிப்போடும். டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து, கொஞ்சம் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். அப்புறம் பேசலாம்.

குரங்குகளில் ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியின் 'பி' வகை வந்திருக்கிறது. சுற்றுலாப் பயணிகளிடமிருந்து தொற்றியது என்று சொல்லலாமா?

ஏ, பி இரண்டுமே மனிதரிடமும் இருக்கும், பல விலங்குகளிடமும் இருக்கும். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று வகையின் பெயர் சொல்லாது. அதுவும் நீங்கள் படித்தது ஒரே ஒரு மரபணு! ஜிடிஹெச், டிபிஐ, பீட்டா-ஜியார்டின் மூன்றையும் படியுங்கள். அதே ஊர் மனிதர்களின் மாதிரிகளும் வேண்டும்.

சூரிச்சில் நரி எச்சம் சேகரிக்கிறேன். எத்தனாலில் போட்டுவிட்டதால் கையுறை இல்லாமல் கையாளலாம்தானே?

வேண்டாம் அம்மா! நரி நாடாப்புழுவின் முட்டை எத்தனாலில் சாகாது, மைனஸ் 20 டிகிரியிலும் சாகாது. மைனஸ் 80-இல் ஒரு வாரம் வைத்த பிறகே டப்பாவைத் திறக்க வேண்டும். அந்த முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் கல்லீரலில் கட்டியாக வளரும். வீட்டு ஃபிரீசரில் வைத்திருப்பதாக வேறு எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே அங்கிருந்து எடுங்கள், கையுறை போட்டுக்கொண்டு.