போபோவிச்சின் இரண்டு நாற்காலிகள்

கேள்வி: சான் அன்டோனியோ ஸ்பர்ஸ், அமெரிக்க NBA கூடைப்பந்து லீகில் 22 சீசன் தொடர்ந்து பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள், ஆடிய அணி. 2020 முதல் 2025 வரை ஆறு சீசன் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அதில் இரண்டு சீசன் 22 வெற்றி, 60 தோல்வி. வீரர்கள் எல்லோரும் மாறினார்கள், கோச் மட்டும் மாறவில்லை. வெற்றிக்கெல்லாம் கிரெக் போபோவிச்சைக் கொண்டாடினோம் என்றால் வீழ்ச்சிக்கும் அவரைத்தானே கேட்க வேண்டும்? வேறு யாராக இருந்தாலும் எப்போதோ வீட்டுக்கு அனுப்பியிருப்பார்களே?

பதில்: அவரைத்தான் கேட்க வேண்டும். ஆனால் நீங்கள் கோச்சைக் கேட்கிறீர்கள், அங்கேதான் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. போபோவிச் உட்கார்ந்திருந்தது இரண்டு நாற்காலியில். களத்தின் ஓரத்தில் நாம் பார்த்துக்கொண்டிருந்த கோச் நாற்காலி ஒன்று. யாரை எடுப்பது, யாரை விடுவது என்று முடிவு செய்கிற நிர்வாக நாற்காலி இன்னொன்று. 1994-ல் ஸ்பர்ஸுக்கு அவர் திரும்பி வந்ததே பொது மேலாளராகத்தான். 1996 டிசம்பரில், அணி 18 ஆட்டத்தில் மூன்றே மூன்றை ஜெயித்திருந்தபோது, பாப் ஹில்லை நீக்கிவிட்டுத் தானே கோச்சாக இறங்கினார். பொது மேலாளர் பொறுப்பு பிற்பாடு ஆர்.சி. பியூஃபோர்டிடம் போனது. ஆனாலும் போபோவிச்சை மீறி அங்கே பெரிய முடிவு எதுவும் நடந்ததில்லை.

முதலில் கோச்சை எடுத்துக்கொள்வோம். 1996-97-ல் பொறுப்பேற்ற பிறகு அவர் ஜெயித்தது 17 ஆட்டம், தோற்றது 47. அணியின் நட்சத்திரம் டேவிட் ராபின்சன் காயத்தால் அந்த சீசனில் ஆடியதே 6 ஆட்டம். தோற்ற தோல்விக்குப் பரிசாக, அணிகள் வரிசைப்படி புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில் 1997-ல் முதல் வாய்ப்பு கிடைத்தது, டிம் டங்கன் வந்தார். இரண்டே வருடத்தில், 1999-ல், கோப்பை. அந்த இரண்டு வருடத்தில் போபோவிச்சுக்குப் புது மூளை முளைக்கவில்லை. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

டிராஃப்ட் என்பதே ஜெயித்தவனைக் கடைசிப் பந்தியில் உட்கார வைக்கிற ஏற்பாடு. இருபது வருடம் விடாமல் ஜெயித்த அணிக்கு இருபது வருடமும் கடைசிப் பந்திதான். டோனி பார்க்கர் 28-வது, மனு ஜினோபிலி 57-வது தேர்வு. எல்லோரும் தாண்டிப் போனவர்களை எடுத்து வளர்த்துத்தான் 2003, 2005, 2007, 2014 கோப்பைகள் வந்தன. இந்தத் திறமை வயதானதும் போய்விட்டதா என்றால், அதற்கும் கணக்கு இருக்கிறது. 2016-ல் டிஜோன்டே மரே, 2017-ல் டெரிக் வைட், 2019-ல் கெல்டன் ஜான்சன். மூன்று பேருமே 29-வது தேர்வு! மரே லீகின் சிறந்தவர்கள் ஆடுகிற ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். வைட் 2024-ல் பாஸ்டனோடு கோப்பை வாங்கினார். ஜான்சன் டோக்கியோவில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார், அந்த அமெரிக்க அணிக்கும் கோச் போபோவிச்தான். சரிவு என்று நீங்கள் சொல்கிற அதே வருடங்களில் நடந்த வேலை இது. கையில் கிடைத்த பையனை ஆட்டக்காரனாக்குகிற வேலையை அவர் கடைசிவரை ஒழுங்காகச் செய்தார்.

கோச் தப்பே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. மையாமிக்கு எதிரான 2013 இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டம் எனக்கு இன்னும் ஆறவில்லை. 28 நொடி மிச்சம், ஸ்பர்ஸ் 5 புள்ளி முன்னால், கோப்பை கைக்கெட்டும் தூரத்தில். தூரத்திலிருந்து வீசும் மூன்று புள்ளி வீச்சைத் தடுக்க வேகமானவர்கள் வேண்டும் என்று டங்கனை வெளியே உட்கார வைத்தார். மையாமியின் லெப்ரான் வீச்சு தவறியது, ரீபவுண்ட், அதாவது தவறித் திரும்பிய பந்து, மையாமிக்கே போனது, அடுத்த மூன்று புள்ளி வீச்சு விழுந்தது. நடுவில் ஸ்பர்ஸுக்கு ஒரு புள்ளி, சில நொடி கழித்து மறுபடியும் அதே கதை. லெப்ரான் தவறவிட்டார், கிறிஸ் பாஷ் எட்டிப் பிடித்தார், மூலைக்குப் பின்வாங்கி நின்ற ரே ஆலனிடம் பந்து போனது. அவரும் மூன்று புள்ளி வீச, 5.2 நொடி மிச்சம் இருக்கும்போது ஆட்டம் சமன். ரீபவுண்ட் எடுப்பதற்கென்றே பிறந்த மனிதர் அந்த இரண்டு தடவையும் பெஞ்சில் இருந்தார். ஆறாவது ஆட்டமும் போனது, ஏழாவதும் போனது. ஆனால் அப்படி உடைந்த அணியை மறு வருடமே அதே மையாமிக்கு எதிரே நிறுத்தி, 4-1 என்று ஜெயிக்க வைத்தவரும் அவர்தான். ஜெயித்த நான்கு ஆட்டத்திலும் வித்தியாசம் 15 புள்ளி, அதற்கு மேல். கோச்சின் தப்புக்கு ஒரு ராத்திரி போகும், மிஞ்சிப்போனால் ஒரு சீசன் போகும். ஆறு வருடம் போகாது.

ஆறு வருடத்தைத் தின்றது இன்னொரு நாற்காலியில் எடுத்த முடிவு. 2016-ல் டங்கன் ஓய்வு பெற்றார். 2017-18-ல் அடுத்த நட்சத்திரம் கவாய் லெனர்ட் தொடைத் தசைக் காயத்தால் 9 ஆட்டம்தான் ஆடினார். காயத்தைப் பற்றி அணி மருத்துவர்கள் ஒன்று சொல்ல, அவர் தரப்பு வேறு சொல்ல, மனக்கசப்பு முற்றி வெளியே போக வேண்டும் என்று நின்றார். இதற்குப் போபோவிச் ஒருவரையே பொறுப்பாக்க எனக்கு மனமில்லை. சரி, போகிறவர் போகட்டும். அவருக்குப் பதிலாக என்ன வாங்கினார்கள்? 2018 ஜூலையில் கவாயையும் டேனி கிரீனையும் டொரான்டோவுக்குக் கொடுத்து டிமார் டிரோசன், யாக்கப் பெர்டல், ஒரு பின்வரிசை டிராஃப்ட் வாய்ப்பு ஆகியவற்றை வாங்கினார்கள். டிரோசன் நல்ல ஆட்டக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் கோப்பை வாங்கித் தருகிற அளவுக்கு இல்லை. அணியை அடியோடு தோற்க விடுகிற அளவுக்கும் இல்லை. அந்த ஒரு கோடையில் பார்க்கர் வேறு அணிக்குப் போனார், ஜினோபிலி ஓய்வு பெற்றார். ஒரு காலம் முடிந்துவிட்டது என்பது கண்ணெதிரே தெரிந்தது. அதை ஒப்புக்கொள்ளாமல் ஓட்டிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

விளைவு, இரண்டு படகில் கால். 48 வெற்றி, பிறகு 32, 33, 34. பிளேஆஃபுக்கும் போதாது, டிராஃப்டில் முன் வரிசைக்கும் வராது. 2020-ல் 11-வது தேர்வு, 2021-ல் 12-வது. 2019 கோடையில் இன்னும் ஒரு கூத்து நடந்தது. மார்க்கஸ் மோரிஸ் வருகிறார் என்று நம்பி, வேறு ஒப்பந்தங்களுக்கு இடம் செய்ய டேவிஸ் பெர்டான்ஸை வாஷிங்டனுக்குத் தள்ளினார்கள். மோரிஸ் மனம் மாறி நியூயார்க் போய்விட்டார். பெர்டான்ஸ் போன்ற ஒரு மூன்று புள்ளி வீச்சாளரைத் தொலைத்ததுதான் மிச்சம். 2018-19-ல் மூன்று புள்ளி வீச்சில் சதவீதப்படி லீகிலேயே முதலிடம் ஸ்பர்ஸ், வீசிய எண்ணிக்கையில் கடைசி இடம். டிரோசனும் லமார்க்கஸ் ஆல்ட்ரிட்ஜும் நடுத்தூரத்திலிருந்து வீசியே பழகியவர்கள். அவர்களை வைத்துக்கொண்டு எந்த கோச்சும் அப்படித்தான் ஆடியிருப்பார். அந்த இருவரையும் ஒரே அணியில் சேர்த்தது யார் என்பதுதான் கேள்வி.

2018-ல் போபோவிச்சுக்கு 69 வயது. அந்த வயதில் எந்த கோச்சும் நான்கு வருடம் தோற்றுத் தோற்று அணி கட்ட ஆசைப்பட மாட்டார். அது மனித இயல்பு, தப்பே இல்லை. அவரை உட்கார வைத்து, ‘இனி பழையபடி நடக்காது, பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம்’ என்று சொல்வது அணி நிர்வாகத் தலைவரின் வேலை. சான் அன்டோனியோவில் அந்தத் தலைவரும் அவரே. வைட்டையும் மரேயையும் விற்று டிராஃப்ட் வாய்ப்புகள் சேர்க்கும் துணிச்சல் 2022-ல்தான் வந்தது. டிராஃப்டில் முதல் வாய்ப்பு யாருக்கு என்று குலுக்குகிற லாட்டரியில், 2023-ல் வெறும் 14 சதவீத வாய்ப்பில் விக்டர் வெம்பன்யாமா கிடைத்தார். அதிர்ஷ்டம் கைகொடுத்தது, ஆனால் நான்கு வருடம் முன்பே வரிசையில் நின்றிருக்கலாம்.

வெம்பன்யாமா வந்த முதல் சீசனில் கோச்சையும் ஒரு விஷயத்தில் விட மாட்டேன். டிரே ஜோன்ஸ் என்ற முறையான பாயின்ட் கார்டை, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவரை, பெஞ்சில் வைத்துவிட்டு, முன்கள ஆட்டக்காரரான ஜெரமி சோகனைப் பந்து கொண்டுபோகச் சொன்னார். ஏழடிக்கு மேல் வளர்ந்த பையன் வெம்பன்யாமா கூடைக்கருகே கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான், பந்து நேரத்துக்கு வராது. தொடர்ந்து 18 தோல்வி. ஜனவரியில்தான் ஜோன்ஸ் உள்ளே வந்தார். சோதனை பண்ணிப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு, அதை அவ்வளவு நாள் நீட்டியிருக்க வேண்டாம்.

வேறு யாராக இருந்தாலும் அனுப்பியிருப்பார்கள் என்றீர்கள். அனுப்பியிருப்பார்கள்தான். புதிதாக வந்தவரும் அதே டிரோசன், அதே ஆல்ட்ரிட்ஜோடு அதே முப்பத்துச் சொச்சம் ஆட்டத்தைத்தான் ஜெயித்திருப்பார். மரேக்கும் வைட்டுக்கும் ஜான்சனுக்கும் கிடைத்த பயிற்சி கிடைத்திருக்குமா என்பதுதான் எனக்குச் சந்தேகம். நீக்கியிருக்க வேண்டும் என்றால் 2018-லேயே நிர்வாக நாற்காலியிலிருந்து எழுப்பி, கோச் நாற்காலியில் மட்டும் விட்டிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறாக. 2024 நவம்பரில் பக்கவாதம் வந்தது. 2025 மே மாதம் கோச் பொறுப்பை மிட்ச் ஜான்சனிடம் முழுதாக ஒப்படைத்துவிட்டு, நிர்வாக நாற்காலியை மட்டும் வைத்துக்கொண்டார்.