பிளேஸ்டேஷன் வாங்கலாமா? இந்த வாரக் கேள்வி-பதில்

சாதாரண தரப் பரீட்சை முடிந்தால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி வீடியோ கேம் பற்றியதாகிவிடும். இந்த முறையும் அப்படித்தான். ஆகவே பிளேஸ்டேஷன் போன்ற, ரிவியோடு இணைத்து விளையாடும் கேம் மெசின்கள் பற்றி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகன் ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறான். பிளேஸ்டேஷன் 5 வேண்டும் என்று ஒரே பிடி. கனடாவில் இருக்கும் என் தம்பி மெசினுக்குக் காசு தருகிறேன் என்கிறான். பெறுமதியான சாமானா, வீண் செலவா? (ஒரு தாய், கோண்டாவில்)

உங்கள் தம்பி தருவது மெசினுக்கான காசு. அதற்குப் பிறகு வருகிற செலவு உங்கள் தலையில்தான் விழும். அதை முதலில் கணக்குப் பார்ப்போம்.

புதிதாக வரும் பெரிய கேம் ஒன்று அமெரிக்காவில் 70 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தால் 21,000 ரூபா. வருடத்துக்கு மூன்று வாங்கினால் 63,000. மூன்று வருடத்தில் 189,000. கூட்டாளிகளோடு இணையத்தில் சேர்ந்து விளையாடுவதென்றால் பெரும்பாலான கேம்களுக்குப் பிளேஸ்டேஷன் பிளஸ் என்ற சந்தாவும் கட்டவேண்டும். ஃபோர்ட்நைட் போன்ற இலவசக் கேம்களுக்கு அது தேவையில்லை. கரண்ட் பில்லுக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். பெரிய கேம் ஓடும்போது மெசின் ஏறத்தாழ 200 வாற் இழுக்கும், அதாவது ஐந்து மணித்தியாலத்துக்கு ஒரு அலகு. நாளுக்கு இரண்டு மணித்தியாலம் என்றால் மாதம் 12 அலகு, ரிவி வேறு.

இனி மகனிடம் ஒரு கடதாசியைக் கொடுத்து, விளையாட விரும்பும் ஐந்து கேம்களின் பெயரை எழுதச் சொல்லுங்கள். யோசிக்காமல் எழுதினால் அவனுக்குத் தன் ஆசை என்னவென்று தெரியும். போனில் விளையாடுகிற ஃப்ரீ ஃபயரையும் பப்ஜியையும் எழுதிவிட்டுப் பேனையைக் கடித்துக்கொண்டு இருந்தால், அவனுக்கு வேண்டியது ஏற்கெனவே கையில் இருக்கிறது.

வாங்குவதென்றால் டிஸ்க் போடுகிற வகையை வாங்குங்கள். டிஸ்க் இல்லாத டிஜிட்டல் வகை கொஞ்சம் மலிவு. ஆனால் அதில் வாங்கிய கேமை விற்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. டிஸ்க் என்றால் விளையாடி முடித்ததை ரியூசனுக்கு வருகிற பொடியனிடம் கொடுத்து அவனுடையதை வாங்கலாம். பழைய பிளேஸ்டேஷன் 4 டிஸ்க்குகளும் அநேகமாக எல்லாம் இதில் ஓடும், அவை இரண்டாம் கையில் நல்ல மலிவு. நான் மேலே போட்ட 189,000 அப்போது பாதிக்கும் கீழே வந்துவிடும்.

பொறுத்திருந்தால் விலை இறங்கும் என்று காத்திருக்க வேண்டாம். 2020 நவம்பரில் டிஸ்க் வகை அமெரிக்காவில் 499 டொலருக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் அது 549 டொலராக ஏறியது. ஐந்து வருடம் பழைய மெசின் விலை ஏறுவது முன்பெல்லாம் நடக்காத காரியம்.

என் முடிவு இதுதான். அவன் ஐந்து பெயர் எழுதினால், உயர்தர வகுப்புத் தொடங்கியபின் எத்தனை மணித்தியாலம் விளையாடலாம் என்பதை இப்போதே கதைத்து முடித்தால், வாங்கிக் கொடுங்கள். பரீட்சை எழுதிக் களைத்த பிள்ளை ஆசைப்பட்டதில் பிழையில்லை.

ரொறன்ரோவில் இருந்து சித்தப்பா பிளேஸ்டேஷன் 5 கொண்டுவருகிறார். அங்கே 120 வோல்ற், இங்கே 230. ட்ரான்ஸ்ஃபோர்மர் வாங்கவேண்டுமா? (சாவகச்சேரி)

வேண்டாம். ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். மெசினில் ஒட்டியிருக்கும் லேபிளில் 100–240 வோல்ற் என்று அச்சடித்திருக்கும். இங்குள்ள பிளக் கொண்ட வயர் ஒன்று மட்டும் மாற்றினால் போதும். மெசினுக்குள் செருகும் முனை 8 என்ற எண்ணின் வடிவில் இருக்கும், ரேடியோவுக்குப் போடுகிற அதே வயர்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மருமகனுக்கு அமெரிக்காவில் இருந்து பிளேஸ்டேஷன் 4 வந்தபோது, ட்ரான்ஸ்ஃபோர்மர் இல்லாமல் போட்டால் எரிந்துவிடும் என்று ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பி 9,000 ரூபாவுக்கு ஒன்று வாங்கினேன். செங்கல் மாதிரிப் பாரம், பக்கத்தில் கைவைக்க முடியாத சூடு. ஒரு மாதம் கழித்து மெசினைத் துடைக்கக் கவிழ்த்தபோதுதான், போன் வெளிச்சத்தில் அடியில் இருந்த பொடி எழுத்தை வாசித்தேன். அந்த 9,000 இன்னும் மனதில் குத்துகிறது.

சித்தப்பாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு நிற்கும், பில்லைத் தவறவிடாமல் கொண்டுவரட்டும். டிஸ்க்குகளுக்கு நாட்டுப் பூட்டு இல்லை, கனடா டிஸ்க்கும் லண்டன் டிஸ்க்கும் ஓடும். ஜப்பானில் யாராவது உறவினர் இருந்து அங்கே மலிவு என்று சொன்னால் மட்டும் கவனம். 2025 நவம்பரில் அங்கே விற்பனைக்கு வந்த 55,000 யென் வகை ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இயங்கும், மெசினில் திறக்கும் பிளேஸ்டேஷன் கணக்கும் ஜப்பான் கணக்காக இருக்கவேண்டும்.

வீட்டில் இருப்பது சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர் போடுகிற பழைய பெட்டி ரிவி. பிளேஸ்டேஷன் 5 போடலாமா? (அராலி)

முடியாது. எச்டிஎம்ஐ துளை (படமும் சத்தமும் ஒரே வயரில் வருகிற தட்டைத் துளை) உள்ள ரிவி வேண்டும்.

பிளேஸ்டேஷன் கணக்குத் திறக்கும்போது நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. எதைத் தெரிவு செய்வது? (கொக்குவில்)

பிளேஸ்டேஷன் சேவை இருக்கும் நாடுகளில் எங்கள் நாடு சேரவில்லை. அதை நடத்தும் சோனி நிறுவனத்தின் விதிப்படி வாழும் நாட்டைத்தான் கொடுக்கவேண்டும். அது பட்டியலில் இல்லை என்பதால் இங்கே எல்லோரும் வேறு நாட்டைக் கொடுத்துத்தான் திறக்கிறார்கள். அதில் ஓர் இடர் இருக்கிறது என்பதைத் தெரிந்து செய்யுங்கள். பிறகு நாட்டை மாற்ற முடியாது. கேம் வாங்க முன்கூட்டியே காசு கட்டி எடுக்கும் கிஃப்ட் கார்டும் அதே நாட்டுடையதாக இருக்கவேண்டும், எங்கள் வங்கி அட்டையைப் பெரும்பாலும் ஏற்காது. லண்டனில் மாமி இருந்து அவர் கார்டு வாங்கி அனுப்புவார் என்றால், கணக்கும் அந்த நாடாக இருந்தால்தான் அது பயன்படும். டிஸ்க் வகையை வாங்கச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். இன்னொன்று, பெரிய கேம் ஒன்றை இறக்கினால் 100 ஜிபி வரை போகும். வீட்டு டேட்டா பொதி எவ்வளவு என்று முதலில் பாருங்கள்.

ஓட்டோ ஓட்டுகிறேன். சீட்டுக் காசில் மகளுக்குப் புதிய பிளேஸ்டேஷன் 5 வாங்கினேன். ஒரு வருடம் கொம்பனி வொறன்ரி என்றார்கள். ஐந்தாவது கிழமை ரிவியில் படம் வரவில்லை. கொண்டுபோனால், உங்கள் வீட்டுக் கரண்ட் பிழை, எங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். வொறன்ரி என்று தந்த கார்டின் படத்தை இணைத்திருக்கிறேன். (சுன்னாகம்)

படத்தைப் பார்த்தேன். கடையின் விசிற்றிங் கார்டு. அதன் பின்புறத்தில் நீலப் பேனையால் ஒரு வருடம் என்று எழுதி, கீழே ஒரு கிறுக்கல். திகதி இல்லை, மெசினின் தொடர் இலக்கம் இல்லை, விலை இல்லை. இவ்வளவு பெரிய தொகையை எண்ணி வாங்கியவர்கள் தந்தது இதுதான். உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை ஐயா. நம்பி வாங்கினீர்கள், நம்ப வைத்தவர்கள்தான் பதில் சொல்லவேண்டும்.

இந்தக் கார்டு விசயத்தைப் பல வருடமாக எழுதி வருகிறேன், இன்னொரு முறையும் எழுதுகிறேன். கொம்பனி வொறன்ரி என்று ஒருவர் சொன்னால், எந்தக் கொம்பனி, விலாசம் எது, பழுதானால் சாமானை யார் பொறுப்பெடுப்பது என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் அது கொம்பனி வொறன்ரி இல்லை, கடைக்காரரின் வாய்ச்சொல். வாய்ச்சொல்லும் செல்லும், அவர் நல்ல மனிதராக இருக்கும்வரை. எங்கள் ஊரில் பில் கேட்டால் சண்டைக்குப் போகிற மாதிரி நினைக்கிறார்கள். தெரிந்த கடை, சொந்தக்காரர் கடை, கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று கூச்சம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்திலேயே, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டும் என்று இருக்கிறது. உங்கள் உரிமையைக் கேட்பதற்கு ஏன் கூச்சம்? திகதி, விலை, தொடர் இலக்கம், உத்தரவாதக் காலம், உத்தரவாதம் தருபவர் பெயர், கடை முத்திரை. இவை ஒரு தாளில் வந்தபிறகுதான் காசு கைமாற வேண்டும். வீட்டுக் கரண்ட் பிழை என்று ஒருவர் சொன்னால், எதைச் சோதித்து அப்படிச் சொல்கிறீர்கள், எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். எழுதித் தரமாட்டார்கள். 100 முதல் 240 வோல்ற் வரை தாங்கும் என்று லேபிள் போட்ட சாதனம் அது.

இப்போது செய்யவேண்டியது. அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். விற்ற நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும், உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் எங்கே, எப்படி என்று சொல்வார்கள். கார்டின் இரண்டு பக்கப் படம், கடையோடு வாட்ஸ்அப்பில் கதைத்தவை, வங்கியில் காசு எடுத்த சீட்டு, பெட்டியில் இருக்கும் தொடர் இலக்கத்தின் படம், எல்லாவற்றையும் இணையுங்கள். அதுவரை மெசினை எவரிடமும் கழற்றக் கொடுக்க வேண்டாம். படம் வராததற்கு அநேகமாக எச்டிஎம்ஐ துளை அல்லது அதன் பக்கத்துச் சிப் காரணமாக இருக்கும், நுண்ணிய சோல்டரிங் தெரிந்தவரால் திருத்த முடியும். ஆனால் ஒருமுறை கழற்றினால் கடைக்காரருக்கு இன்னொரு சாட்டுக் கிடைத்துவிடும். முறைப்பாட்டில் முடிவு வந்து, பிறகு திருத்தக் கொடுப்பதானால், உள்ளே சிப்பின் மேல் சூட்டைக் கடத்தத் திரவ உலோகம் பூசியிருப்பது அவருக்குத் தெரியுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். தெரியாதவர் கழற்றினால் அது வழிந்து பலகையே போய்விடும். என்ன நடந்தது என்று எனக்குக் கட்டாயம் எழுதுங்கள்.

ஃபேஸ்புக்கில் பாவித்த பிளேஸ்டேஷன் 5 பார்த்தேன், சந்தை விலையில் பாதி. கொழும்பில் இருந்து பஸ்ஸில் போட்டுவிடுகிறேன் என்றார். 60,000 முற்பணம் வங்கியில் போட்டேன். இப்போது நம்பரே வேலை செய்யவில்லை. (நெல்லியடி)

தம்பி, பாதி விலை என்றபோது ஏன் என்று கேட்கவில்லை. ஆளைப் பார்க்கவில்லை, மெசினைப் பார்க்கவில்லை, வீடியோ அழைப்பில்கூட ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்லவில்லை. இதே மாதிரி ஏமாந்தவர்களின் கடிதங்களை இந்தப் பகுதியிலேயே பலமுறை போட்டுவிட்டேன், இனியும் எத்தனை தரம் சொல்வது? இன்றைக்கே உங்கள் வங்கிக்குப் போய் அந்தக் கணக்கு இலக்கத்தைக் கொடுத்து முறையிடுங்கள். பிறகு பொலிஸில் எழுதுங்கள். உரையாடலை அழிக்க வேண்டாம், படமெடுத்து வைத்திருங்கள்.

மற்றவர்களுக்கு: பாவித்ததை வாங்குவதென்றால் நேரில் போய் அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள். கையோடு ஒரு டிஸ்க் கொண்டுபோங்கள். போட்டால் இழுக்கிறதா, வாசிக்கிறதா, சத்தமில்லாமல் துப்புகிறதா? கொன்ட்ரோலரை மேசையில் வைத்துக் கையை எடுங்கள், திரையில் ஏதாவது தானாக அசைந்தால் அதில் விரலால் அசைக்கும் ஸ்ரிக் தேய்ந்துவிட்டது. விற்பவர் தன் கணக்கை நீக்கி மெசினைப் புதிதாக்கியபின், உங்கள் கணக்கில் உள்ளே போய் இணையத்தில் சேர்கிறதா என்று பாருங்கள். நிறுவனம் இணையத்தில் தடை செய்த மெசின் அந்த இடத்தில் நின்றுவிடும். பெட்டி இலக்கமும் மெசின் இலக்கமும் ஒன்றா என்று வடிவாகப் பாருங்கள்.

ரிவியில் குத்துகிற கேம் ஸ்ரிக், 10,000 கேம், 7,500 ரூபா. சின்னவனுக்கு வாங்கலாமா? (மானிப்பாய்)

நான் வாங்கினேன், வேண்டாம். ஒரே கார் பந்தயம் பட்டியலில் 212, 1,640, 7,003 என்று மூன்று இடத்தில் இருந்தது. இரண்டாவது மாதம் ஸ்ரிக் சூடேறி நின்றது, சின்னவன் அழுதான். அந்தக் காசுக்கு ஒரு நல்ல கிரிக்கெட் மட்டை வரும்.

பாவித்த பிளேஸ்டேஷன் 4 இப்போது வாங்குவது புத்தியா? (பருத்தித்துறை)

2013இல் வந்த மெசின், புதிய பெரிய கேம்கள் பல இனி அதற்கு வராது. ஆனால் கால்பந்தும் கிரிக்கெட் 24உம் போதும் என்றால் ஓம், வாங்குங்கள். மேலே நெல்லியடித் தம்பிக்குச் சொன்னபடி பார்த்துத்தான்.

பிளேஸ்டேஷன் 5க்கு இரண்டாவது கொன்ட்ரோலர், பெட்டியோடு அசல் என்று 4,000 ரூபாவுக்குத் தருகிறார்கள். (திருநெல்வேலி)

அமெரிக்காவிலேயே அதன் விலை 75 டொலர். 4,000 ரூபாவுக்குக் கிடைப்பது அசல் இல்லை, பெட்டி எவ்வளவு வடிவாக இருந்தாலும்.