கலப்பு ஊடகக் குறிச்சீட்டில் ஒவ்வோர் அடுக்கும் காய்ந்த பிறகே அடுத்ததைத் தொடங்க வேண்டும் என்பது ஏன்?

கலப்பு ஊடகக் குறிச்சீட்டு என்பது, பரிசுப் பொட்டலத்தில் கட்டித் தொங்கவிடும் அட்டைச் சீட்டின் மேல் பெயின்ட், ஸ்டென்சில் (உருவம் வெட்டிய தகடு), ஸ்டாம்ப் (மை தொட்டுப் பதிக்கும் அச்சு) ஆகியவற்றை அடுக்கடுக்காகப் பயன்படுத்திச் செய்யும் சிறு கைவேலை.

அக்ரிலிக் பெயின்டில் நிறமித் துகள்களும் நுண்ணிய பிளாஸ்டிக் துளிகளும் நீரில் மிதக்கின்றன. நீர் ஆவியானதும் அத்துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, நீரில் மீண்டும் கரையாத படலமாகிவிடுவதால், அதன்மேல் வேறு நிறத்தைத் தடவினாலும் கீழ்நிறம் கலங்குவதில்லை. ஈரத்திலேயே தொடர்ந்தால் மஞ்சளும் ஊதாவும் கலந்து சேற்று நிறம்தான் மிஞ்சும். சுவரில் முதல் பூச்சு காயுமுன் இரண்டாம் பூச்சு அடிக்கும்போது, தூரிகை பழைய பூச்சையும் சேர்த்து இழுத்துவருவதைப் போன்றது இது.

ஸ்டென்சிலில் சிக்கல் வேறு. பெயின்ட் நீர்த்திருந்தால், தகட்டுக்கும் அட்டைக்கும் இடையிலுள்ள மெல்லிய இடுக்கில் அது ஊர்ந்து சென்று, உருவத்தின் விளிம்பைக் கசியச் செய்யும். ஆகவே ஸ்பாஞ்சில் மிகக் குறைவாக எடுத்து, பழைய காகிதத்தில் ஒருமுறை ஒற்றிவிட்டு, பின்னர் தேய்க்காமல் செங்குத்தாக ஒற்றுங்கள். என் கருத்தில் இந்த ஒரு பழக்கமே பாதி வேலை. ஸ்டாம்பைக் கடைசியாக, காய்ந்தபின் நீரில் கரையாத மையில் பதிப்பது நல்லது.

பெயின்டைத் தடிமனாகப் பூசினால்தான் ஆழம் தெரியும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், மேலடுக்கின் இடைவெளிகள் வழியே கீழடுக்குகள் தெரிவதே அந்த ஆழத்தைத் தருகிறது.